ஆறு மணிக் கட்டஞ்சாயா

சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கோங்கம்மா. இந்த மலை எறங்கறப்ப எனக்கு வெளிய பாக்கவே ஆகாது. வளைவுல திரும்பறப்பெல்லாம் வயித்துக்குள்ள என்னமோ கழண்டு விழுற மாதிரி இருக்கும். இந்தாங்க, எலுமிச்சம்பழம். நகத்தால லேசா கீறி மோந்துக்கிட்டே வாங்க, வாந்தி வராது. எனக்கு இன்னொண்ணு மடியில இருக்கு.

பொள்ளாச்சிக்கா? நாங்க கோயம்புத்தூரு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாங்கன்னா நானும் எங்க வீட்டுக்காரரும். பின்னால பச்சை மப்ளர் கட்டிக்கிட்டு ஒருத்தர் ஏறுனாரே, அவருதான். அங்கதான் அவருக்கு எடம் கெடச்சுச்சு. செபஸ்தியான்னு பேரு. எஸ்டேட்டு பாக்டரியில டீத்தூளக் காய வைக்கிற மெஷின்ல வேல. நான் தெரசம்மா. கொழுந்து பறிக்கிறேன். பறிச்சேன்னு சொல்லணும், இப்ப கொஞ்ச நாளா போகல.

நான் பேசிக்கிட்டே வர்றது தொந்தரவுன்னா சொல்லிருங்க. பயமா இருந்தா எனக்குப் பேச்சு நிக்காது. இன்னிக்கு கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ரோட்டப் பாத்து மட்டும் இல்ல.

அவரப் பாத்தா குடிச்ச மனுசன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க. யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அப்படி ஒரு குடி. சாயங்காலம் பாக்டரி சங்கு ஊதுனா போதும், கால் தன்னால டவுனு ஒயின்ஷாப்புப் பக்கம் திரும்பிரும். அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு, அத நான் சொல்லணும். குடிச்சிட்டு வந்து சத்தமில்லாம சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா தலமாட்டுல எல்லாம் ரத்தம். வாந்தி. ரத்த வாந்திம்மா. கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போனோம். "இனிமே ஒரு வாய் உள்ள போனாலும் என்னால காப்பாத்த முடியாது" அப்படின்னு டாக்டரு என்னையப் பாத்துச் சொன்னாரு. அவரப் பாத்துச் சொல்லல, என்னையப் பாத்து. அன்னிக்குப் புடிச்ச பயம்.

குடிய நிறுத்துற வார்டுல கொஞ்ச காலம் வச்சிருந்தாங்க. அனுப்புறப்ப அங்க இருந்த சிஸ்டர் எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. "அவருக்கு நாள் பூரா ஆசை வராது. வழக்கமா குடிக்கிற நேரத்துலதான் வரும். வந்தா ரொம்ப நேரம் நிக்காது, கடந்து போயிரும். அந்த நேரத்துக்கு மட்டும் கைக்கும் வாய்க்கும் ஏதாச்சும் வேல குடுங்க." இவ்வளவுதான். பஸ்ஸுல வர்றப்ப நான் அதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். கைக்கும் வாய்க்கும் என்ன வேல குடுக்கறது? எங்க வீட்ல தேயிலைத் தூள விட்டா என்ன இருக்கு?

அதனால ஆறு மணிக்கு டீ. பால் கிடையாது, வெறும் கட்டஞ்சாயா. எங்க எஸ்டேட்டுல பழைய ஆளுங்க குடிக்கிற விதம் ஒண்ணு இருக்கும்மா, நீங்க பாத்திருக்க மாட்டீங்க. டீக்குள்ள இனிப்பு போட மாட்டாங்க. சின்னத் துண்டு கருப்பட்டி, உள்ளங்கையில வச்சுக்கிறது. ஒரு தடவ நாக்கால தொட்டுக்கணும், ஒரு மடக்கு குடிக்கணும். திரும்பத் தொடணும், திரும்ப ஒரு மடக்கு. டம்ளரு காலியாகறப்ப கருப்பட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அதுதான் கணக்கு. எங்க மாமனாரு அப்படித்தான் குடிப்பாரு, எங்க வீட்டுக்காரருக்கும் அது கைவரும். எனக்கு வராது. வாயில போட்டா கடக்குனு கடிச்சிருவேன். அப்புறம் மீதி டீய மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் குடிக்க வேண்டியதுதான். அவரு சிரிப்பாரு.

டீ போடறதும் அவரோட வேலைன்னு ஆக்கிட்டேன். சீக்கிரம் முடிஞ்சிரக் கூடாதுல்ல? வெறகடுப்புதான். தண்ணி நல்லா தளதளன்னு கொதிக்கணும். எறக்கி வச்சு, தூளப் போட்டு, தட்டால மூடணும். கரண்டி விட்டுக் கலக்குனா அவருக்குப் புடிக்காது. தூள் தன்னால கீழ எறங்கணும்பாரு. மூடி வச்சுட்டு அவரு அடுப்பையே பாத்துக்கிட்டு இருப்பாரு, நான் அவரையே பாத்துக்கிட்டு இருப்பேன். வெளிய மழை. டவுனுக்குப் போற ஆளுங்க எங்க வாசல் வழியாத்தான் போவாங்க. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவரு மூஞ்சியப் பாப்பேன். அவரு நிமுந்து பாக்கறாரா? கால ஆட்டறாரா? எச்சி முழுங்கறாரா? எல்லாம் பாப்பேன். சில நாளு அவரு வாயத் தொறந்து என்னமோ சொல்ல வருவாரு, அப்புறம் மூடிக்குவாரு. ஐயோ, ஆசை வந்திருச்சு, கேக்க வர்றாருன்னு நெனச்சுக்குவேன். உடனே "இன்னொரு டம்ளரு ஊத்தவா"ம்பேன்.

அப்படித்தான் காப்பாத்துனேன் அவர. நான் மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கலைன்னா அந்த மனுசன் என்னிக்கோ மண்ணுக்குள்ள போயிருப்பாரு. சம்பளம் எங்கையில. பாக்டரியில கூட வேல பாக்கறவங்ககிட்ட விசாரிப்பேன். நான் மலங்காட்டுல கொழுந்து பறிக்கறப்ப பக்கத்து வீட்டு பொன்னுத்தாயி அக்கா ஒரு கண்ணு வச்சுக்கும். அவரு உள்ள வந்தா மொத வேலையா கிட்டப் போயி மோந்து பாப்பேன். அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நின்னுக்குவாரு. நல்ல மனுசன். ஆனா நம்ப முடியாதுல்ல?

சரி, இதுல நடுவுல எனக்கு ஒண்ணு வந்துச்சு.

குளிக்கறப்ப கையில தட்டுப்பட்டுச்சு. இடது மாருல, புளியங்கொட்ட மாதிரி. அழுத்துனா நகரல. நான் அதத் தொடாம இருக்கலாம்னு பாத்தேன். தொடாம இருந்தா போயிரும்னு நெனச்சேன் போல. ஆனா ராத்திரி கை தன்னால அங்கயே போகும். எஸ்டேட்டு டிஸ்பென்சரியில காட்டுனப்ப, அங்க இருந்த நர்ஸம்மா அதே எடத்தத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாத்தாங்க. அப்புறம், "பொள்ளாச்சியில போயி ஸ்கேன் எடுத்துரு, தள்ளிப் போடாத"ன்னாங்க.

பொன்னுத்தாயி அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவருகிட்ட எப்படிம்மா சொல்றது? நீங்களே சொல்லுங்க. அப்பதான் கரையேறுன மனுசன். இதக் கேட்டா என்ன பண்ணுவாரு? நேரா அந்தக் கடைக்குத்தான் போவாரு. ரெண்டு சாவு விழும் எங்க வீட்ல. அதனால வாயவே தொறக்கல. வலிச்சாலும் வலிக்காத மாதிரிதான் நடப்பேன். என் கூடப் பொறந்த அக்கா ஒண்ணு பொள்ளாச்சியில இருக்கு. அதுக்கு இடுப்புப் புடிச்சிருச்சு, போயிப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்னு சொன்னேன். "போயிட்டு வா"ன்னாரு. குடைய எடுத்துக் குடுத்தாரு. ஏன், என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

போன வருசம் ஆடி மாசம். மழைன்னா அப்படி ஒரு மழை.

பொள்ளாச்சியில அந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தாங்க. அப்புறம் ஊசி போட்டு அதுக்குள்ள இருந்து கொஞ்சம் எடுத்தாங்க. எடுத்துட்டு, "கூட யாரு வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னேன். "அடுத்த வாரம் ரிசல்ட் வாங்க வர்றப்ப வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, தனியா வராதீங்க"ன்னாங்க. பச்சப் புள்ளகிட்டப் பேசற மாதிரி மெதுவாப் பேசுனாங்க. அந்தக் கொரலக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. நேரா நடந்து வந்து பஸ்ஸேறுனேன்.

இதே மலைதான். ஏறுறப்ப முன்னால டிரைவருக்குப் பின் சீட்டு கெடச்சுச்சு. மூணு மணிக்கெல்லாம் கெளம்பிருச்சு வண்டி. ஆறு மணிக்கு முன்னாடி வீட்ல இருக்கலாம்னு கணக்குப் போட்டேன். அட்டகட்டி தாண்டுச்சு. மூடுபனி. வண்டி முன்னால வெள்ளையாத்தான் தெரியுது. ஒரு வளைவு திரும்புனதும் டிரைவரு பட்டுனு நிறுத்திட்டாரு. இஞ்சினையும் அணைச்சுட்டாரு. லைட்டையும் அணைச்சுட்டாரு.

யாரோ "என்னாச்சு"ன்னாங்க. டிரைவரு வாயில வெரல வச்சாரு.

மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. பாறைன்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பாறையில ஒரு காது அசைஞ்சுச்சு. நனைஞ்ச காது. யானைம்மா. ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. காலுக்கிடையில ஒரு குட்டி, ஓரத்துச் சுவரு மேல மொளச்ச புல்லப் புடுங்கிக்கிட்டு இருக்கு.

"யாரும் எறங்காதீங்க. போட்டோ புடிக்காதீங்க. சத்தம் வேணாம். அதுவாப் போகும்" அப்படின்னு டிரைவரு ரொம்ப மெல்லச் சொன்னாரு. ஒரு கைக்கொழந்தை சிணுங்குச்சு, அதோட அம்மா முந்தானைக்குள்ள இழுத்துப் பால் குடுத்துச்சு. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். எல்லாரும் மூச்சக்கூட அளந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

எல்லாரும் யானைக்குப் பயந்தாங்க. எனக்கு யானையும் பயம், மணியும் பயம். போன எடுத்துப் பாக்கறேன், டவர் இல்ல. அஞ்சு மணி. அது குட்டிய விட்டு நகரல. குட்டி புல்ல விட்டு நகரல. அஞ்சரை. என் கண்ணுக்கு முன்னால எங்க வீட்டு அடுப்பு தெரியுது. அடுப்பு பத்த வைக்காம கெடக்கு. அவரு வாசல்ல நிக்கறாரு. டவுனுக்குப் போற ஆளுங்க "வா செபஸ்தி"ன்னு கூப்புடறாங்க. நான் இல்ல. எதுக்க உக்காந்து அவரப் பாத்துக்க யாரும் இல்ல. இன்னொரு பக்கம் அந்த டாக்டரம்மாவோட கொரலு. தனியா வராதீங்க, தனியா வராதீங்க.

"ஹாரன் அடிங்க சார்"ன்னேன் டிரைவர்கிட்ட. அவரு திரும்பாம தலைய மட்டும் ஆட்டுனாரு. "ஒரே ஒரு தடவ அடிங்க சார், எங்க வீட்ல ஒரு உசுரு போயிரும்"ன்னேன். "அம்மா, உக்காருங்க"ன்னாரு.

அப்புறம் என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியாதும்மா. எந்திரிச்சேன். படிக்குப் போனேன். கதவுத் தாப்பாளத் தூக்கிட்டேன். அந்த ஓரமா இறங்கி, செடிக்குள்ள பூந்து, அந்தப் பக்கம் ஏறிட்டா நடந்தே போயிரலாம்னு தோணுச்சு. எத்தன மைலுன்னெல்லாம் தோணல. ஒரு கால கீழ வச்சுட்டேன். கண்டக்டரு பின்னால இருந்து என் ரவிக்கையப் புடிச்சு இழுத்தாரு. கதவு போயி தகரத்துல டொம்முனு மோதுச்சு.

அந்தச் சத்தத்துக்கு அது திரும்புச்சு.

காத விரிச்சுச்சு. குட்டி வயித்துக்கடியில ஓடிப் போச்சு. ஒரு எட்டு எடுத்து வச்சுச்சு, எங்களப் பாத்து. கால் வைக்கிற சத்தமே கேக்கல, அதுதான் இன்னும் பயம். அதோட கண்ணு சின்னதா, தண்ணி வடிஞ்சுக்கிட்டு. அது என்னையத்தான் பாத்துச்சு. நான் படியில, கண்டக்டரு கையில. சேலை நனைஞ்சு போச்சும்மா. மழையில இல்ல. சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்கு.

எவ்வளவு நேரம் அப்படி நின்னோம்னு தெரியல. டிரைவரு ஸ்டியரிங்குல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு அசையவே இல்ல. அப்புறம் அது காத மடக்குச்சு. குட்டியத் தும்பிக்கையால முன்னால தள்ளிவிட்டு, மேட்டுல ஏறி, பனிக்குள்ள போயிருச்சு. போன பின்னாடியும் டிரைவரு உடனே எடுக்கல. அந்த எடத்தையே பாத்துக்கிட்டிருந்துட்டு, அப்புறம்தான் சாவியத் திருப்புனாரு. எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னாரு. "நீ எறங்கியிருந்தா நாங்க அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும், தாயி."

அவருக்கு என்ன தெரியும், எங்க வீட்டு நெலம?

எங்க ஸ்டாப்பு டவுனுக்கு முன்னாடி. எறங்கி ஓடுனேன். இருட்டிருச்சு. வீடு பூட்டிக் கெடக்கு. வெளிப் பூட்டு. நான் அந்தப் பூட்டப் புடிச்சுக்கிட்டே நின்னேன். பொன்னுத்தாயி அக்கா லைட்டப் போட்டுட்டு வந்துச்சு.

"பஸ்ஸு வரலைன்னு ஸ்டாப்புலயே நின்னுக்கிட்டிருந்தாரு தெரசு. அப்புறம் குறுக்குவழியா டவுனுப் பக்கம் போறதப் பாத்தேன்."

"எப்ப?"

"இருட்டறதுக்கு முன்னாடி. நான் கூப்பிட்டேன், காதுல வாங்கல."

டவுனுப் பக்கம். எனக்கு வேற என்ன வேணும்? அந்த அக்கா குடையத் தூக்கிட்டுப் பின்னாலயே வந்துச்சு, நான் நிக்கல. தேயிலைக்குள்ள அந்தக் குறுக்குவழி, ஒரே சேறு. காட்டெருமை படுத்துக் கெடக்கற எடம் அது. அதெல்லாம் நெனப்புலயே இல்ல. முடிஞ்சு போச்சு, முடிஞ்சு போச்சுன்னு வாய் தன்னால சொல்லிக்கிட்டே வருது. எனக்கும் முடிஞ்சு போச்சு, அவருக்கும் முடிஞ்சு போச்சு.

ஒயின்ஷாப்பு மேட்டுல இருக்கு. கம்பி போட்ட சன்னல், அதுல ஒரு பல்பு. அந்த வெளிச்சத்துல ஆம்பளைங்க கும்பலா நிக்கறாங்க. நடுவுல அவரு நிக்கறாரு. எங்க வீட்டுக்காரரு. தலையெல்லாம் நனைஞ்சு போயி. மோசேன்னு ஒருத்தன், ஜீப் ஓட்டறவன், அந்தக் காலத்துல இவரு கூட்டாளி. அவன் ஒரு கைய இவரு தோள்ல போட்டுக்கிட்டு, இன்னொரு கையில டம்ளர இவரு வாய்க்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கான்.

யானை எதுக்க நின்னப்பகூட எனக்கு அப்படிப் பயம் வரலம்மா. ஓடிப்போயி அந்த டம்ளரத் தட்டிவிட்டேன். அவரு கன்னத்துல ஒண்ணு வச்சேன். அத்தன பேரு முன்னால. "என்னையக் கொன்னுட்டியேய்யா"ன்னு கத்துனேன்.

அவரு கன்னத்தத் தொடக்கூட இல்ல. என்னைய மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாரு, காலு கையெல்லாம் இருக்கான்னு பாக்கற மாதிரி. அப்புறம் குனிஞ்சாரு. என் மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து, ஹாஆன்னு ஊதுனாரு.

ஒண்ணும் இல்ல. பசிச்ச வயித்து வாட, அவ்வளவுதான்.

மோசே கீழ கெடந்த டம்ளரப் பாத்துக்கிட்டே சொன்னான், "ஏக்கா, இந்தாளு வந்ததுல இருந்து என் உசுர எடுக்கறாரு. மலையில யானை பஸ்ஸ மறிச்சிருக்காம், பைக்குல வந்தவன் சொன்னானாம். என் பொண்டாட்டி அதுல இருக்கா, ஜீப்ப எடு, ஜீப்ப எடுன்னு. மழையில எவன் போவான்? குளிருல நடுங்கறியே, ஒரு வாய் குடிச்சிட்டு நில்லுங்கறேன். குடிக்கவும் மாட்டேங்கறாரு, போகவும் மாட்டேங்கறாரு."

அவரு என் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு மேடு எறங்குனாரு. பொன்னுத்தாயி அக்கா அப்பதான் மூச்சு வாங்கிக்கிட்டு வந்துச்சு. அதப் பாத்து, "நீ போ தாயி, நாங்க வர்றோம்"ன்னாரு. பஸ் ஸ்டாண்டு எதுக்க ஒரு டீக்கடை, அதுல பெஞ்சியில உக்கார வச்சாரு. ரெண்டு கட்டன் சொன்னாரு. கருப்பட்டி இருக்கான்னு கேட்டாரு, கடைக்காரரு வெல்லந்தான் இருக்குன்னு ஆளுக்கொரு துண்டு குடுத்தாரு. நான் வாங்குன உடனே கடிச்சு முழுங்கிட்டேன். அவரு உள்ளங்கையில வச்சுக்கிட்டாரு. டம்ளரு ஆவி பறக்குது. அவரு குடிக்கல.

"டாக்டரு என்ன சொன்னாங்க?"ன்னாரு.

முந்தானையப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னேன், "எந்த டாக்டரு? அக்காவுக்குத்தான் இடுப்புல..."

"தெரசு."

அவ்வளவுதான் சொன்னாரு. அப்புறம் டீயப் பாத்துக்கிட்டே பேசுனாரு. "இடது பக்கம் நீ ஒருக்களிச்சுப் படுத்து மாசக்கணக்காகுது. கொழுந்துப் பைய வலது தோள்லயே மாட்டற. துணி அலசுறப்ப ஒரு கையாலதான் பிழியுற. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"ன்னேன். கோவமா வந்துச்சு எனக்கு. இவ்வளவு நாளா நான் தனியாச் செத்துக்கிட்டு இருக்கேன், இந்த மனுசன் பாத்துக்கிட்டு இருந்திருக்காரே!

"நீ எதுக்குச் சொல்லலைன்னு தெரியும். நான் போயிக் குடிச்சிருவேன்னு பயம். நான் கேட்டா நீ உன் வலியச் சொல்ல மாட்ட. என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்ப, இவன் தாங்குவானா மாட்டானான்னு. அதான், மொதல்ல தாங்கப் பழகிக்குவோம்னு இருந்தேன்" அப்படின்னாரு. அப்புறம் சொன்னாரு, "தெனம் ஆறு மணிக்கு நீ எதுக்க வந்து உக்காருவ. சாராயம் எனக்கு ஒரு கஷ்டமா இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அது போகப் போக அடங்கிருச்சு. இத உங்கிட்டக் கேட்றாம இருக்கற கஷ்டந்தான் அடங்கல. நாக்கு வரைக்கும் வந்துரும். நீ இன்னொரு டம்ளரு ஊத்தவாம்ப."

நான் எல்லாத்தையும் சொன்னேன் அவருகிட்ட. கட்டி, ஊசி, அந்த டாக்டரம்மா தனியா வராதீங்கன்னது. அவரு டம்ளரு சாஞ்சுச்சு. டீ தொடையில சிந்துச்சு, சூடு, அவரு கைய எடுக்கல. நான் அப்பவும் அவரு கண்ணு எங்க போகுதுன்னு பாத்தேன். மேட்டுல அந்த பல்பு வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அவரு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. "அடுத்த வாரம் நானும் வர்றேன்"ன்னாரு. கையில இருந்த வெல்லத்த எங்கிட்ட நீட்டுனாரு. முழுசா அப்படியே இருந்துச்சு.

புத்துநோய்தான்மா. எடுத்துட்டாங்க. ஒரு பக்கம் இல்ல எனக்கு. ரவிக்கைக்குள்ள துணி வச்சிருக்கேன், தெரியலல்ல? அப்புறம் மருந்து ஏத்துனாங்க. முடியெல்லாம் கொட்டிருச்சு, இப்பதான் மொளைக்குது, அதான் முக்காடு. அந்த மருந்து ஏத்துனப்ப டீ வாட வந்தாலே கொமட்டும். தேயிலைக் காட்டுல பொறந்தவளுக்கு டீ ஆகல, பாருங்க. அவரும் நிறுத்திட்டாரு. நீங்க குடிங்கன்னா கேக்க மாட்டாரு. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளரு வெந்நிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். ஊதி ஊதிக் குடிப்பாரு, என்னமோ கட்டஞ்சாயா மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துரும். இப்பதான் ஒரு மாசமா டீ எறங்குது.

குடி? இல்லம்மா, தொடல. நான் இன்னமும் மோந்து பாக்கறேன், அது வேற. விட முடியல. அவரும் குனிஞ்சு குடுப்பாரு. இன்னிக்குக் காலையில பஸ்ஸேறுறதுக்கு முன்னாடிகூடப் பாத்தேன். நம்ம சாக்கிரதை நம்மகிட்ட இருக்கணும்ல?

இப்ப சும்மா செக்கப்புக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க. அப்படித்தான் அவரு நெனச்சுக்கிட்டு வர்றாரு.

இல்ல. உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க பொள்ளாச்சியில எறங்கிருவீங்க. போன வாரத்துல இருந்து வலது அக்குள்ல ஒண்ணு தட்டுப்படுது. சின்னதுதான். கொப்புளமாக்கூட இருக்கலாம். அவருகிட்டச் சொல்லல. டாக்டருகிட்ட நான் மட்டும் உள்ள போயிச் சொல்லிக்கலாம்னு இருக்கேன். அவருக்கு எதுக்கு? பாவம், எவ்வளவுதான் தாங்குவாரு? திடீர்னு கேட்டா மனசு ஒடஞ்சு...

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

தெரியும்மா. நீங்க சொல்லாட்டியும் என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. வலது கைய ஒடம்புல ஒட்டாம இப்படித் தள்ளி வச்சுக்கிட்டே ஏறுனேன் பஸ்ஸுல. அவரு பையை எங்கிட்டக் குடுக்கல, ரெண்டு பையையும் அவரே தூக்கிக்கிட்டாரு. எனக்கு எலுமிச்சம்பழத்த மட்டும் குடுத்தாரு. நான் அப்ப ஒண்ணும் நெனைக்கல.

ஐயோ, அவரு பக்கம் திரும்பிப் பாக்கவே பயமா இருக்கு. யானைக்கு முன்னால நின்னவ நான்.

வளைவு முடிஞ்சிருச்சா? ஆழியாரு தண்ணி தெரியுதா அங்க? செக்போஸ்ட்டுல கொஞ்ச நேரம் நிக்கும். அவரு பக்கத்துல உக்காந்திருக்கறவரு நல்ல மனுசனாத் தெரியறாரு, எடம் மாத்திக்கச் சொன்னா மாத்திக்குவாரு. நீங்க கோச்சுக்காதீங்க, அந்தாளு இங்க வந்து உங்க பக்கத்துல உக்காரட்டும். நான் பின்னால எங்க வீட்டுக்காரருகிட்டப் போறேன். கோயம்புத்தூரு போற வரைக்கும் இத அவருகிட்டச் சொல்லாம எனக்குத் தாங்காது.

நடுவுல நிக்கறவங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. வழி விடுங்க.